முன்னறையிலிருந்து உள்ளறைக்கு 380 ஜிபி

திருச்சியில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். முன்னறையில் இருக்கும் மேசைக் கணினியில் விண்டோஸ் 7, பக்கங்களை வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர், பதின்மூன்று ஆண்டு வேலை, குடும்பப் படங்கள் எல்லாமாகச் சேர்த்து 380 ஜிபி இருந்தது. அதன் வன்தட்டு அவ்வப்போது கிறீச்சிடத் தொடங்கியதால், சேமிப்பில் கைவைத்து விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். இரண்டு கணினிகளும் ஒரே வீட்டில், ஒரே வைஃபையில், நடுவே ஒரு சுவர் மட்டுமே இருக்கும்படி அமைந்திருந்ததால், வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் இரவுச் சமையலுக்குள் எல்லாம் மாறிவிடும் என்றுதான் நினைத்தேன். அந்த வேலை முடிய ஆறு நாளாயிற்று. வீணாகப் போன பணம் 5,536 ரூபாய். அதைவிட, ஏற்கெனவே முடித்துவைத்திருந்த 46 பக்கங்களை மறுபடியும் தட்டச்சு செய்ய நேர்ந்தது. யாரிடமும் கேட்காமல், இரவில் தனியாக உட்கார்ந்து, காணொளிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்ததன் விளைவு அது.

வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி அதில் போட்டு எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உண்மையில் அதுவே எனக்கு எளிதாக இருந்திருக்கும். பழைய கணினியில் யூஎஸ்பி 2.0 மட்டுமே இருந்தாலும் நொடிக்கு 30 முதல் 35 மெகாபைட் வரை கிடைக்கும். மூன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். ஒரே ஒரு முறை மாற்றிவிட்டுப் பழைய கணினியை ஒதுக்கப் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் என்னிடம் இருந்தது 64 ஜிபி பென் டிரைவ் மட்டுமே. அதுவும் ஃபேட் 32 முறையில் இருந்ததால், 6 ஜிபி அளவுள்ள திருமணக் காணொளியை ஏற்க மறுத்தது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென் டிரைவில் இடம் காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று செய்தி வரும். மேலும், பேஜ்மேக்கர் வேலைக்காகப் பழைய கணினியையும் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியிருந்ததால், இரண்டுக்கும் இடையே நிரந்தரமாக ஒரு வழி இருந்தால் நல்லது என்று தோன்றியது. எண்ணம் தவறில்லை, இறங்கிய விதம்தான் தவறு.

முதல் நாள் முழுவதும், ஒரு கணினியின் கண்ணுக்கு மற்றொன்று தெரியாமலே கழிந்தது. மடிக்கணினியில் நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் ரௌட்டரின் பெயர் வந்தது, பழைய கணினியின் பெயர் வரவில்லை. பார்த்த காணொளியில், கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி 1 என்ற பழைய வசதியை இயக்குங்கள், கடவுச்சொல் கேட்பதை நிறுத்துங்கள், ‘எவ்ரிஒன்’, அதாவது எல்லாருக்கும் முழு உரிமை கொடுங்கள், வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். நான்கையும் செய்தேன். பெயர் தெரிந்தது, கோப்புறை திறந்தது, மகிழ்ந்துபோனேன். பட்டியலில் பெயர் தெரியாவிட்டால் தொடர்பே இல்லை என்று பொருளல்ல என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பழைய விண்டோஸில் அந்தப் பெயர்ப்பட்டியல் எஸ்எம்பி 1-ஐச் சார்ந்து இயங்கியது. 2017-க்குப் பின் வந்த விண்டோஸ் பதிப்புகளில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அந்த ஆண்டு மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் அந்தப் பழைய வழியில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் பரவியது. ஆகவே அதை மீண்டும் திறந்துவைப்பது, உடைந்த பூட்டை எடுத்துவந்து வாசலில் மாட்டுவதற்குச் சமம். விண்டோஸ் 7-க்கு அதைவிடப் புதிய எஸ்எம்பி 2.1 தெரியும், விண்டோஸ் 11-ஓடு பேச அதுவே போதும்.

செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான். பழைய கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டினால், ஐபிவி4 என்ற வரிக்கு எதிரே அதன் முகவரி எண் கிடைக்கும். என் வீட்டில் அது 192.168.1.7. மடிக்கணினியில் கோப்புறைச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் \\192.168.1.7 என்று இட்டு என்டர் தட்டினால், பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பகிர்ந்த கோப்புறை திறக்கும். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டு மறுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. பழைய கணினியில் என் கணக்குக்குக் கடவுச்சொல்லே வைத்திருக்கவில்லை. வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கை விண்டோஸ் இயல்பாக வலையமைப்பு வழியாக உள்ளே விடாது. அந்தக் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் வைத்து, வலையமைப்பைப் பொது என்பதிலிருந்து வீடு என்பதற்கு மாற்றியிருந்தால், ஃபயர்வாலைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. எதிர்த்திசையில், அதாவது புதிய கணினியில் பகிர்ந்து பழையதிலிருந்து திறக்க முயல்பவர்கள், மடிக்கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் அங்கே செல்லாது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுக் கடவுச்சொல்லே வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கதவையும் திறந்துவிட்டதன் பலன் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மாடியில் குடியிருப்பவர்களுக்கு அவசரத்துக்கு ஒருமுறை எங்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய பையன் இறங்கிவந்து, “ஆன்ட்டி, உங்க வீட்டு போட்டோ எல்லாம் என் லேப்டாப்ல தெரியுது, நீங்க தெரிஞ்சேதான் வெச்சிருக்கீங்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நல்ல பிள்ளை, சொல்லிவிட்டான். முழு உரிமை கொடுத்திருந்ததால் அவன் பார்ப்பது மட்டுமல்ல, அழிக்கவும் முடிந்திருக்கும். எனக்குக் கூச்சத்தில் முகம் சுருங்கிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை இரவு நகலெடுப்பதைத் தொடங்கியபோது திரையில் காட்டிய வேகம் நொடிக்கு 2.5 மெகாபைட். கணக்குப் போட்டுப் பார்த்தால் 42 மணி நேரம். என் கணவர், இணைய வேகம் போதவில்லை, திட்டத்தை உயர்த்திவிடலாம் என்றார். மறுநாள் காலையிலேயே 40-லிருந்து 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினோம். வரியோடு கூடுதலாக 236 ரூபாய். வேகம் அதே 2.5-இல் நின்றது. வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கோப்பு, ரௌட்டர் வரை வந்து அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. தெருக்கம்பியைத் தொடுவதே இல்லை. இணைய இணைப்பே இல்லாத வீட்டிலும் இந்த வேலை நடக்கும். நாங்கள் இருவரும் படித்தவர்கள்தான், ஆனால் இது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வேகம் குறைந்ததற்கு உண்மையான காரணம், இரண்டு கணினிகளுமே வைஃபையில் இருந்தது. ஒவ்வொரு பைட்டும் முதலில் காற்றில் ரௌட்டருக்குப் போய், பிறகு அதே காற்றில் மற்றக் கணினிக்கு வர வேண்டும். ஒரே சந்தில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒன்றுக்கொன்று காத்திருப்பது போலத்தான்.

சனிக்கிழமை பிற்பகல் கடைக்குப் போய் 15 மீட்டர் கேபிள் 450 ரூபாய்க்கும், மடிக்கணினியில் அந்தக் கேபிளைச் செருகும் லேன் துளை இல்லாததால் யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் ஒன்றை 350 ரூபாய்க்கும் வாங்கிவந்தேன். கேபிளை முன்னறையிலிருந்து கதவின் அடியாக உள்ளறை ரௌட்டருக்கு இழுத்தேன். வேகம் 11.2 மெகாபைட்டுக்கு உயர்ந்தபோது உலகையே வென்றது போல இருந்தது. ஒன்பதரை மணி நேரம்தானே, இரவில் ஓடட்டும் என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மடிக்கணினி அரை மணி நேரத்தில் தானும் உறங்கிப்போயிருந்தது. எழுப்பியதும், வலையமைப்பில் பிழை என்ற பெட்டி மட்டும் நின்றது. இரண்டு கணினிகளிலும் உறக்கத்தை நிறுத்திவிட்டு, மின்னூட்டியைச் செருகிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது இதை ஒருமுறை பட்டவர்களுக்கு மட்டும் தெரிகிற விஷயம்.

எந்தக் கோப்புறை வந்தது, எது வரவில்லை என்று இப்போது தெரியவில்லை. அங்கேதான் புத்தி பிசகியது. காப்பி செய்வதற்குப் பதிலாகக் கட் செய்து ஒட்டினால், போனவை பழைய இடத்திலிருந்து மறைந்துவிடும், மிச்சம் இருப்பவைதான் இன்னும் போகாதவை என்று கண்டுபிடிக்கலாம் என ஒரு தந்திரம் செய்தேன். கேட்பதற்கு அறிவாளித்தனமாகத் தோன்றும் இந்த யோசனையை, தயவுசெய்து யாரும் பின்பற்றாதீர்கள். பதினொரு மணி வாக்கில் மின்சாரம் நின்றது. யூபிஎஸ்ஸின் பேட்டரி செத்து ஆறு மாதமாகியிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மின்சாரம் வந்தபின், ஒரே பெயருள்ள கோப்புறை இரண்டு இடங்களிலும் இருந்தது; இங்கே பாதி, அங்கே பாதி. ஒப்பிடுவதற்காக மடிக்கணினியில் இரண்டு சாளரங்களைப் பக்கம் பக்கமாகத் திறந்துவைத்தேன். அதே மஞ்சள் கோப்புறைகள், அதே பெயர்கள். முகவரிப் பட்டையில் இருக்கும் ஒரு சின்ன வரி மட்டுமே வேறு. ஏற்கெனவே வந்துவிட்டதன் இரட்டைப் பிரதி என்று நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து டிலீட் அழுத்தினேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. இரண்டு நாள் தூக்கமில்லாத கண்ணோடு ஆம் என்றேன். அழித்தது பழைய கணினியில் இருந்த, இன்னும் வந்து சேராத பாதியை. அதே கணினியின் வன்தட்டில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகும். வலையமைப்பு வழியாக அழித்தது எந்தக் கணினியின் குப்பைத்தொட்டிக்கும் போகாது. அந்தக் கேள்விப் பெட்டியில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் ஏன் இருந்தது என்று எனக்குப் புரிந்தபோது, வயிற்றில் கல்லைக் கட்டியது போல இருந்தது.

அடுத்த தவறையும் உடனே செய்தேன். மீட்பு மென்பொருள் ஒன்றை இறக்கி, அதே வன்தட்டில் நிறுவினேன். அழிந்த கோப்பு வன்தட்டில் உடனே மறைந்துவிடுவதில்லை, அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வேறு எதையாவது அங்கே எழுதும்போதுதான் அது உண்மையில் அழிகிறது. நான் எழுதினேன். அப்படியொரு நிலை வந்தால் கணினியை அந்த நொடியே அணைத்துவிட்டு, வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துத்தான் மீட்க வேண்டும். என்னுடையது சுழலும் வன்தட்டு என்பதால் ஓரளவாவது கிடைத்தது. சுழலும் தட்டே இல்லாத புதிய வகையான எஸ்எஸ்டியாக இருந்தால், அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும் வழக்கம் உண்டு என்பதால் நம்பிக்கை இன்னும் குறைவு. கடையில் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, திங்களன்று மீட்டுக் கொடுத்தார்கள். கோப்புகள் இருந்தன, பெயர்கள் இல்லை, கோப்புறைகளும் இல்லை. ஐந்து இலக்க எண்களை மட்டும் பெயராகக் கொண்டு வரிசையாக நின்றன. கடைக்காரத் தம்பி, “அக்கா, இதுலேர்ந்து நீங்கதான் பார்த்துப் பிரிச்சுக்கணும்” என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

இதற்குள் வேகத்தைப் பற்றிய பிடிவாதம் ஒன்று எனக்குள் வந்துவிட்டது. 11 என்ற எண் ஏன் அசைய மறுக்கிறது? வலையமைப்பின் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்று சொல்கிறார்கள், கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5, வழிச்செலவு போக 11 சொச்சம். ஆக, எங்கோ ஓரிடத்தில் 100 எம்பிபிஎஸ் அடைப்பு இருக்கிறது. அடாப்டரின் பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். 10/100 என்றுதான் போட்டிருந்தது. 1,150 ரூபாய் கொடுத்து, அதைப் போலப் பத்து மடங்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகமுள்ள யூஎஸ்பி 3.0 கிகாபிட் அடாப்டரை வாங்கினேன். வேகம் 11.2. ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தால் அதன் லேன் துளைகளும் 100 எம்பிபிஎஸ்தான். இணைய நிறுவனங்கள் கொடுக்கும் மலிவான ரௌட்டர்கள் பலவற்றில் இப்படித்தான். 950 ரூபாய்க்கு பல கணினிகளைக் கேபிளால் இணைக்கும், ஐந்து துளைகள் உள்ள கிகாபிட் சுவிட்ச் என்ற பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு கணினிகளையும் ரௌட்டரையும் அதில் செருகினேன். அப்போதும் 11.2! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபத்தோடு திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன்.

சுவிட்சில் செருகிய இடங்களில் எரியும் சின்ன விளக்குகள்தான் என்னைத் தடுத்தன. மடிக்கணினி செருகிய துளையில் பச்சை, மேசைக் கணினி செருகிய துளையில் ஆரஞ்சு. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். முன்னறைக் கதவின் அடியில், நிலைப்படி விளிம்பில், கதவு மூடித் திறக்கும்போதெல்லாம் அழுத்தி அழுத்தி அது பட்டையாக நசுங்கியிருந்தது. உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தபோது உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஆரஞ்சு, பச்சை, பழுப்பு ஆகியவை நன்றாக இருந்தன, நீலக் கம்பி ஒன்று முறிந்து நின்றது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம் அறுந்தால் கணினி புகார் எதுவும் சொல்லாமல் ஒரு படி இறங்கி, 100-இல் சமாதானமாக ஓடிக்கொண்டிருக்கும். மேசைக் கணினியையும் சுவிட்சையும் மடிக்கணினியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, தலா 120 ரூபாய் விலையுள்ள கேட் 5இ என்ற வகையைச் சேர்ந்த இரண்டு சிறிய கேபிள்களைப் போட்டதும் விளக்கு பச்சையானது. வேகம் 90-ஐத் தொட்டது.

மூன்று அடைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்ததால்தான், ஒன்றை நீக்கியபோதும், இரண்டை நீக்கியபோதும் எந்த மாற்றமும் தெரியவில்லை. எதையும் வாங்கும் முன்பே இதைக் காசில்லாமல் கண்டுபிடித்திருக்கலாம். விண்டோஸ் 7-இல் லோக்கல் ஏரியா கனெக்ஷன் நிலையைத் திறந்தால் வேகம் என்ற வரியிலும், விண்டோஸ் 11 அமைப்புகளில் ஈத்தர்நெட் பகுதியில் இணைப்பு வேகம் என்ற வரியிலும், 100 எம்பிபிஎஸ்ஸா 1 ஜிபிபிஎஸ்ஸா என்று எழுதியே இருக்கும். இரண்டு கணினிகளிலும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, ரௌட்டர், அடாப்டர் ஆகியவற்றின் பெட்டிகளில் கிகாபிட் என்றோ 10/100/1000 என்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவிட்ச் இல்லாமல் ஒரே கேபிளால் இரண்டையும் நேராக இணைக்கவும் முடியும். கிராஸ் கேபிள் என்ற தனி வகை இப்போது தேவையில்லை. ஆனால் அப்போது இரண்டுக்கும் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்து, விண்டோஸ் அதை அடையாளம் தெரியாத பொது வலையமைப்பாகக் கருதிப் பகிர்வைத் தடுக்கும். முகவரிகளைக் கையால் இட்டுப் போராட விருப்பமில்லாததால், 950 ரூபாய் சுவிட்சுக்காக நான் வருந்தவில்லை.

இழுத்து விடும் முறையையும் கைவிட்டேன். விண்டோஸிலேயே ரோபோகாப்பி (robocopy) என்ற கட்டளை இருக்கிறது. எந்த இடத்திலிருந்து, எந்த இடத்துக்கு என்று கொடுத்து, சாய்கோடு போட்டு இ என்ற எழுத்தை (/E) சேர்த்தால், உட்கோப்புறைகள் உட்பட எல்லாம் வரும். நடுவில் அறுந்தால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும்; அளவும் நேரமும் ஒத்திருப்பவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். ஞாயிறன்று இது தெரிந்திருந்தால் கட் என்ற தந்திரத்துக்கே வேலையிருந்திருக்காது. திறக்க முடியாத ஒரு கோப்பைச் சந்தித்தால் அது இயல்பாகப் பத்து லட்சம் முறை, முறைக்கு 30 நொடி காத்திருந்து முயலும் என்பதால், எத்தனை முறை என்பதைக் குறிக்கும் ஆர் என்பதற்கு 2 என்றும் (/R:2), எத்தனை நொடி என்பதைக் குறிக்கும் டபிள்யூ என்பதற்கு 5 என்றும் (/W:5) கொடுத்துவிடுங்கள். மிர் (/MIR) என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் விலகுங்கள். அது மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்தில் அழித்துவிடும். பெரிய கோப்புகள் 90-இல் பறந்தாலும், சிறிய படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்த கோப்புறையில் வேகம் 3-க்குச் சரிந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகத் திற, எழுது, மூடு என்று பேச வேண்டியிருப்பதால் அது இயல்பே. அவற்றை முதலில் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பினேன். மொத்தமும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் கணக்கையும் ஒப்பிட்டேன். அப்போது அளவு என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும்; அதன் கீழே உள்ள, வட்டில் பிடிக்கும் அளவு என்ற வரி, வட்டுக்கு வட்டு மாறுபடும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. எல்லாம் வந்துவிட்டது என்று பழைய வேர்ட் கோப்பு ஒன்றைத் திறந்தேன். தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகப் பல்லிளித்தது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அமையாத, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறைக்குள் இருப்பதால், நான் பகிர்ந்த கோப்புறையில் அவை இல்லை. அவற்றைத் தனியே ஒரு கோப்புறையில் நகலெடுத்துக் கொண்டுவந்து நிறுவிய பிறகே நெஞ்சு படபடப்பு அடங்கியது. நீங்கள் பழைய கணினியின் வட்டை அழிக்கும் முன், மறக்காமல் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பி 1-ஐ நீக்கினேன், ஃபயர்வாலைத் திரும்ப இயக்கினேன், வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றினேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய கணினியின் கேபிளைச் சுவிட்சிலிருந்து கழற்றியே வைத்திருக்கிறேன். கோப்பு ஏதாவது தேவைப்பட்டால், ரௌட்டருக்குப் போகும் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதைச் செருகி எடுத்துக்கொள்கிறேன். யூபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி போட்டாயிற்று. பதிப்பாளர் பெரிய மனதோடு பத்து நாள் தவணை கொடுத்தார். 46 பக்கங்களையும் திரும்ப அடித்துக் கொடுத்துவிட்டேன். எண்களைப் பெயராகக் கொண்ட அந்த மீட்புக் கோப்புகளில் முந்நூற்றுச் சொச்சம் இன்னும் பாக்கி. தினமும் இரவு பத்துப் பத்தாகத் திறந்து பார்த்துப் பெயரிட்டுக்கொண்டிருக்கிறேன்.